தேவசகாயத்துக்கு வாங்கிய பிரேக்

எக்ஸாஸ்ட் பிரேக் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விலையைப் பார்ப்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் எஞ்சினின் அளவைப் பார்ப்பார்கள். நான் வண்டியை ஓட்டப்போகிறவனைப் பார்ப்பேன். வண்டிப் பிரிவில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான் வாங்கினேன். நான் வாங்கியது எதுவும் சோடை போனதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இளங்கோவன், தேவசகாயத்தின் மனைவி எலிசபெத்துக்காக நீங்கள் லேபர் கோர்ட்டில் போட்டிருக்கும் மனுவில் ஒரு தவறு இருக்கிறது. 'லாரியில் பொருத்தியிருந்த பிரேக் பழுதானதால் டிரைவர் இறந்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த பிரேக்கில் பழுது கிடையாது. அதைத் தேர்ந்தெடுத்தவன் நான். நீங்கள் வக்கீல், உங்கள் தொழிலில் பிசகு என்று யாராவது எழுதினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? அதற்காகத்தான் செகந்திராபாதிலிருந்து இந்த சைனிக்புரி வரைக்கும் உங்களை வரவழைத்தேன். காபி நானே போட்டது, கொஞ்சம் கசக்கும். என் மனைவி ஜலஜா கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஓர் இழுவை லாரி இருந்தது. டீசல் வண்டி. அணைக்கட்டுகளுக்கு நாங்கள் செய்து கொடுத்த பெரிய பெரிய இரும்பு வார்ப்புகளை ட்ரெய்லரில் ஏற்றினால் அது இழுத்துக்கொண்டு போகும். சமதளத்தில் கவலையில்லை. இறக்கத்தில்தான் தொல்லை. பின்னால் வருகிற பாரம் முன்னால் போகிற லாரியைத் தள்ளும். கால் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறித் தீய்ந்துபோகும். அப்புறம் மிதிப்பதும் ஒன்றுதான், மிதிக்காததும் ஒன்றுதான். அதனால் மலைப்பாதைக்குப் போகிற வண்டிக்கு எக்ஸாஸ்ட் பிரேக் வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. புகைக்குழாய்க்குள் ஒரு தகடு, அவ்வளவுதான். அதை மூடினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டுகிற எஞ்சின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். ஆனால் எஞ்சினும் சக்கரமும் கியரால் பிணைந்திருந்தால்தான் இது நடக்கும். நியூட்ரலில் போட்டுவிட்டால் எஞ்சின் தனி, வண்டி தனி. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவசகாயம் இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு ஓட்டுகிறவன். அவனுடைய அப்பா ரயில்வே பட்டறைக்காரர், திருநெல்வேலிப் பக்கம். இவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் மெட்டுகுடா குவார்ட்டர்ஸில். அதனால் அவன் வாயில் தெற்கத்தித் தமிழும் ஹைதராபாத் உருதுவும் சண்டை போடாமல் குடித்தனம் நடத்தும். கெட்டிக்கார டிரைவர், நான் இல்லையென்று சொல்லமாட்டேன். ட்ரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது பார்க்க வேண்டும், ஊசியில் நூல் கோப்பதுபோல் எடுப்பான். ஆனால் ஒரு சரிவைக் கண்டுவிட்டால் போதும், கை தானாக நியூட்ரலுக்குப் போய்விடும். டீசல் மிச்சம். அது எல்லா டிரைவர்களிடமும் உள்ள பழக்கம்தான். எங்கள் நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? அதிகமாக டீசல் மிச்சம் பிடிக்கிற டிரைவருக்கு வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று பரிசு கொடுத்தது. தற்கொலைக்குப் பரிசு கொடுக்கிற நிர்வாகம் வேறெங்காவது உண்டா என்று நான் கூட்டத்தில் கேட்டேன். அந்த வருஷமும் பரிசு தேவசகாயத்துக்கே போனது.

நான் சொல்லாமல் இல்லை. பார்க்கிற இடத்திலெல்லாம் சொன்னேன். ஷெட்டில் சொன்னேன், கேன்டீனில் சொன்னேன், டிரைவர்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் போட்டுக்காட்டிச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. எனக்குக் 'கியர் ஐயர்' என்று பெயர் வைத்ததுதான் மிச்சம். தேவசகாயத்தைத் தனியாக அழைத்துப் பேசியபோது அவன் மரியாதையாகவே கேட்டுக்கொண்டான்.

"நக்கோ, வேணாம் சார், இதுக்கெல்லாம் நீங்க ஏன் டென்ஷன் ஆவுறீங்க? வண்டி என் பேச்சக் கேக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷத்து ஆயுத பூஜை. வண்டிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. குடும்பங்களும் வந்திருந்தன. தேவசகாயம் மாதாகோயிலுக்குப் போகிறவன்தான், ஆனாலும் தன் லாரிக்குத் தன் கையாலேயே பொட்டு வைத்தான். ஜெனரல் மேனேஜர் அவனுக்கு ஒரு எவர்சில்வர் குடத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசு என்று மைக்கையும் கொடுத்தார்.

"சக்ரபாணி சார் எனக்கு குரு மாதிரிங்க," என்று ஆரம்பித்தான். "ஹவ், நிஜமாத்தான். அவரு புக்ல படிச்சவரு. நான் ரோட்டுல படிச்சவன். அவரு சொல்ற மாதிரி ஓட்டியிருந்தா இந்தக் கொடம் எங்க வீட்டுக்கு வந்திருக்காது, டீசல் பங்க்காரன் வீட்டுக்குப் போயிருக்கும். பாவம், சார் வீட்டுல அம்மா கிரைண்டரக்கூட கியர்லதான் ஓட்டணுமாம்."

கூட்டம் சிரித்தது. கூட்டம் எதற்கும் சிரிக்கும். ஜலஜாவும் சிரித்தாள். பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. பக்கத்தில் இருந்த எலிசபெத்துக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று. நான் கோபப்படவில்லை. மேடைக்குப் போய் அவனுக்குக் கைகொடுத்தேன். வீட்டுக்கு வந்து மோர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். தவளை தன் வாயால் கெடும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். ஜலஜா விளக்கை அணைத்த பிறகும் ஒருதரம் களுக்கென்று சிரித்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஸ்ரீசைலத்துக்கு ஒரு வார்ப்பு போகவேண்டியிருந்தது. அதுவரைக்கும் நாங்கள் அனுப்பியதிலேயே அதிகக் கனம். போகிற வழி தெரியுமல்லவா, மன்னனூர் காடு தாண்டினால் அணைவரைக்கும் மலையிறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. அந்த லாரிக்கு எக்ஸாஸ்ட் பிரேக் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் மேலே எட்டியது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடமே விட்டார்கள்.

இரண்டு பிரேக்குகள் பார்வைக்கு வந்தன. முதலாவது சாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் தகடு தானே மூடிக்கொள்ளும், கிளட்ச்சை மிதித்தால் தானே திறந்துகொள்ளும். ஓட்டுகிறவனுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது கைப்பிடி வைத்தது. டேஷ்போர்டில் இருக்கும் பிடியை இழுத்தால் தகடு மூடும், கூடவே எஞ்சினுக்குப் போகிற டீசலும் நிற்கும். பிடியை மறுபடி உள்ளே தள்ளுகிறவரைக்கும் அப்படியே இருக்கும். பிடிமானம் முதலாவதைவிட அதிகம். அதற்கு ஒரே ஒரு நியமம் உண்டு. கியர் மாற்ற கிளட்ச்சை மிதிப்பதற்கு முன்னால் பிடியை உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ளாமல் மிதித்தால், அல்லது நியூட்ரலில் வைத்துக்கொண்டு பிடியை இழுத்தால், எஞ்சின் அந்த இடத்திலேயே அணைந்துவிடும். அணைந்த எஞ்சினோடு அந்தப் பழைய கியர்பாக்ஸில் எந்தக் கியரும் விழாது. கால் பிரேக்கும் காற்றில் வேலை செய்வது, எஞ்சின் ஓடினால்தான் காற்று ஏறும். நாலு மிதிக்கு அதுவும் காலி.

நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். 'இறக்கத்தில் பிடிமானம் அதிகம்' என்று குறிப்பு எழுதினேன். அது உண்மை. இன்றைக்கும் எந்த இஞ்சினியரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

முதல் பிரேக்கைப் போட்டிருந்தால் தேவசகாயம் ஒன்றும் கற்றுக்கொண்டிருக்க மாட்டான். கண்ட சரிவிலெல்லாம் நியூட்ரல், வருஷா வருஷம் குடம், மைக், சிரிப்பு. இரண்டாவது கற்றுக்கொடுக்கும். இப்படித்தான் நான் யோசித்தேன்: வழக்கம்போல நியூட்ரலில் போடுவான். வண்டி வேகம் எடுக்கும், பிடியை இழுப்பான், எஞ்சின் அணையும். நடுங்கிப்போவான். எங்காவது மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, திரும்பி வந்து என் அறை வாசலில் நிற்பான். அப்போது அவனிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அடியாத மாடு படியாது. அவன் பயப்பட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். பிடியைத் தள்ளுகிற நியமத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிரேக்கைப் பொருத்தியது மெக்கானிக் அப்துல் ரஹீம். ஆம்பூர்க்காரர், வம்புதும்புக்குப் போகாதவர். பொருத்திவிட்டுத் தொழிற்சாலைக்குள்ளேயே வார்ப்புப்பட்டறைச் சரிவில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். கிளட்ச்சை மிதித்ததும் எஞ்சின் நின்று, வெறும் ட்ரெய்லரே வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மணல் குவியலில் முட்டியிருக்கிறது. உடம்பெல்லாம் மணலோடு என் அறைக்கு வந்தார்.

"சார், இது ஆள முழுங்குற பிரேக் சார். பிடியத் தள்ளாம கிளட்ச் மிதிச்சா இஞ்சின் பந்த். தேவசகாயத்தக் கூப்புட்டு நான் வெவரமாச் சொல்லிடவா?"

"வேண்டாம் ரஹீம், நானே சொல்லிக்கிறேன். அது என் பொறுப்பு," என்றேன்.

"அப்ப சரி சார்," என்று நிம்மதியாக நமாஸுக்குக் கிளம்பினார். என் வார்த்தையை அவர் சந்தேகப்பட்டதே கிடையாது.

விபத்து நடந்ததை நீங்கள் ஆரோக்கியசாமியிடம் கேட்டிருப்பீர்கள். அவர்தான் அன்றைக்கு வண்டியில் உதவியாளாகப் போன கலாசி. இறக்கத்தில் வண்டி ஓடத் தொடங்கியதும் முட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்து, ட்ரெய்லர் சக்கரத்துக்குக் கீழே வைக்கப் பார்த்திருக்கிறார். சக்கரம் கட்டை மேலேயும் ஏறிற்று, அவர் கால் மேலேயும் ஏறிற்று. லாரி வளைவில் திரும்பாமல் நேரே போய்விட்டது. கீழே பாறை. வார்ப்பு அவிழ்ந்து கேபின் மேல் உட்கார்ந்திருந்தது. தேவசகாயத்தை வெளியே எடுக்க அணை வேலையிலிருந்து கிரேன் கொண்டுவர வேண்டியிருந்தது.

சோதனைக்குப் போனது நான். கேபின் நசுங்கியிருந்தாலும் கியர் தண்டு தெரிந்தது. நியூட்ரலில் இருந்தது. பிரேக்கின் கைப்பிடி வெளியே இழுத்தபடி இருந்தது. அதை உள்ளே தள்ளினேன். ஒரு வண்டியை விட்டு இறங்கும்போது எதையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு இறங்குவது என் பழக்கம். 'கியர் நியூட்ரலில் இருந்தது, எக்ஸாஸ்ட் பிரேக் இயக்கப்படவில்லை' என்று எழுதிக்கொடுத்தேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. தேவசகாயத்தின் நியூட்ரல் ஊரறிந்த விஷயம். குடம் குடமாகச் சாட்சி இருந்தது.

டிரைவரின் தவறு என்று தீர்ந்துவிட்டதால் எலிசபெத்துக்கு வேலை கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். அவள் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். வேலையைப் பற்றிப் பேசவே இல்லை.

"கெளம்புறதுக்கு மொத நாள் எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தாரு சார். மாதா சொரூபத்து முன்னால நின்னு. இந்தத் தடவ கியர்லயே எறக்குறேன்னு. அவரு நியூட்ரல்ல போட்டிருக்க மாட்டாரு சார்."

"நானே கண்ணால பார்த்தேன்மா. நியூட்ரல்லதான் இருந்தது," என்றேன்.

"அப்ப எனக்குப் பொய் சொல்லிட்டா போனாரு?"

புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் மூன்றாம் மனிதன் என்ன சொல்வது? பிறகு போய்விட்டாள். மெட்டுகுடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் குடங்களை எல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்றும் சொன்னார்கள்.

ஆரோக்கியசாமியை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவர் தெளிவாகத்தான் சொன்னார். "மூணுலதான் சார் எறங்கி வந்தோம். வளைவு கிட்டக்க ரெண்டு போடறேன்னு கிளட்ச்ச மிதிச்சாரு. இஞ்சின் பொட்டுனு போச்சு. ரெண்டும் விழல, ஒண்ணும் விழல, நியூட்ரல்லயே நின்னுபோச்சு." அடிபட்டவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது, யாரிடமும் உளறாதீர்கள், ஊனக்காலோடு கலாசி வேலை பார்க்க முடியாது, கேட்டில் உட்கார்கிற வேலை வாங்கித்தருகிறேன் என்றேன். வாங்கியும் கொடுத்தேன். ரிடையராகிறவரைக்கும் அவர் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்தது எஞ்சின் நின்றதுதான், அதனால் பிரேக் பழுது என்கிறார். ரஹீமும் ஒருதரம் கேட்டார், "தேவசகாயத்துக்குச் சொல்லிட்டீங்கல்ல சார்?" என்று. சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லியும் கேட்கவில்லையே பாவி என்று அவனைத்தான் திட்டினார்.

நல்லதும் நடந்தது, அதையும் சொல்லவேண்டும். டீசல் பரிசை நிறுத்தினார்கள். ஒவ்வொரு லாரியிலும் 'இறக்கத்தில் நியூட்ரல் கூடாது' என்று தெலுங்கிலும் இந்தியிலும் எழுதி ஒட்டினார்கள். அதற்குப் பிறகு வாங்கிய வண்டிகளுக்கெல்லாம் நான் முதல் வகை பிரேக்கைத்தான், அந்த சாதுவைத்தான் போட்டேன். நான் இருந்தவரைக்கும் எங்கள் டிரைவர் ஒருவன்கூட மலையில் சாகவில்லை. கியர் ஐயர் என்று யாரும் சொல்லவுமில்லை. அவர்கள் வீட்டில் விளக்கு எரிகிறதென்றால் அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

முன்னால் ஒன்று சொன்னேனே, அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை என்று. அது சரியில்லை. கேட்டான்.

வண்டி கிளம்பிய காலை. சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் வந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். அவன் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"சார், அன்னைக்கு மைக்ல பேசுனது தப்பு. எலிசபெத்து என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிட்டா. மனசுல வச்சுக்காதீங்க. இந்தத் தடவ லோடு ஜாஸ்தி, கொஞ்சம் பயமாவும் இருக்கு. நீங்க சொல்ற மாதிரி கியர்லயே எறக்கப் போறேன். மேலேருந்து மூணு, வளைவு வந்தா ரெண்டு. சரிதானே சார்?"

"சரிதான்," என்றேன்.

"இந்தப் புதுப் பிடியில ஏதாச்சும் சூட்சுமம் இருக்கா? ரஹீம் பாயக் கேட்டா, சார் சொல்லுவாருங்காரு."

அவன் நியூட்ரலில் போடப்போவதில்லை என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. பாடம் கற்றுக்கொடுக்க இனி ஒன்றும் பாக்கியில்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்ற எந்த இடத்தில் கிளட்ச்சை மிதிப்பான் என்றும் தெரிந்தது. அந்தப் பாதை நான் பார்த்த பாதை, அந்த வளைவுக்கு முன்னால் மண்மேடு எதுவும் கிடையாது. பிடியைத் தள்ளிவிட்டு மிதி என்று சொன்னால் போதும். நாக்கு நுனியில்தான் இருந்தது. அப்போது ஜலஜாவின் தோள் குலுங்கியது ஞாபகத்துக்கு வந்தது.

"நீ ரோட்டுல படிச்சவன்தானே தேவசகாயம்," என்றேன். "ரோடே சொல்லிக் குடுக்கும்."

அவன் சிரித்துவிட்டான். நான் பழையதை மறந்து வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். சந்தோஷத்தில் என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினான். பிறகு துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினான். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. லாரி கண்ணுக்கு மறைகிறவரைக்கும் நான் கேட்டில் நின்றேன்.

ஆகையால் மனுவைத் திருத்திவிடுங்கள், இளங்கோவன். பிரேக் பழுதில்லை. தேவசகாயத்தின் மேலும் தப்பில்லை. அவனைக் கொன்றது நான்தான், தெரிந்தேதான் செய்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எலிசபெத்தின் வேலைக்கு அது உதவுமென்றால் உதவட்டும். அவளுக்குக் கொடுத்த வாக்கை அவன் காப்பாற்றினான் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

வெளியே கேட் சத்தம் கேட்கிறது, ஜலஜா வந்துவிட்டாள். எழுதும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடைசி நாளில் அவன் என் பேச்சைக் கேட்டுத்தான் வண்டியை ஓட்டினான். அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்று எனக்கு வேண்டும், ஜலஜாவிடம் காட்டுவதற்கு.